ஆணி அடிக்காத சுவர்

செய்தி வந்தபோது, குழாயில் மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரையில் இருந்தவர்கள்: நான், எதிர் லயத்து ராமாயி அக்கா, அவருடைய மருமகள் சுதா, கொழுந்து எடுக்கப் போகும் வழியில் முகம் கழுவ நின்ற பரமேஸ்வரி. வேறு யாரும் இல்லை. வீட்டுக் கணக்கை ஒன்றுவிடாமல் எழுதிப் பழகியவள் நான். அதனால் இதையும் முதலில் எழுதி வைக்கிறேன்.

காலையிலிருந்தே தூறல். பனி இறங்கி, தேயிலையில் முதல் வரிசைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. குடம் நிறைந்துகொண்டிருந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஆசுபத்திரியிலிருந்து என் வீட்டுக்காரர்.

"சரசு, அக்கா போயிட்டாங்க."

"எங்க போயிட்டாங்க? டிக்கட் வெட்டிட்டாங்களா?"

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. முதல்நாள் மாலை கூட கஞ்சி கேட்டுக் குடித்தவர். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ராமாயி அக்காதான் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "அம்மா தாயே" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். குடம் நிறைந்து வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

போனது தெய்வானை அக்கா. எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போயிருக்கும் நேரத்தில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். இன்று இந்த லயத்தில் மீசை முளைத்திருக்கிற பையன்கள் பலரும் அவர் மடியில் தூங்கியவர்கள். அவருக்கென்று பிள்ளை இல்லை. கணவர் முன்பே காலமாகிவிட்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரைப் பற்றி எழுதாமல் அக்காவைப் பற்றி எழுத முடியாது.

லயத்தில் வாழாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடுகள், காம்பரா என்போம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டியவை. என் வீட்டுச் சுவரின் மறுபக்கம்தான் அடுத்த வீட்டின் சுவர். வெள்ளைக்காரன் காலத்தில் கல்லும் மண்ணும் குழைத்துக் கட்டி மேலே சுண்ணாம்பு பூசியது. மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஊறிப் போய் நிற்கும். இந்தப் பக்கம் ஓர் ஆணியை அடித்தால் இந்தப் பக்கம் ஒன்றும் ஆகாது. அந்தப் பக்கம் பூச்சு பாளமாகக் கழன்று விழும். யார் தலையில் விழுந்தது என்று அடித்தவருக்குத் தெரியாது.

தெய்வானை அக்கா தன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அந்தச் சுவரில் ஆணி அடித்திருக்கிறார். நான் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. ஒரு மழை நாளில் அவரே எனக்குச் சொன்னார்.

அப்போதுதான் அவர்கள் வீட்டுக்கு டிவி வந்திருந்தது. ஏரியல் வயர் கூரையிலிருந்து காம்பராவின் நடுவில் தொங்கியது. போகிற வருகிறவர்கள் கழுத்தில் தட்டியது. கணவர் வேலையால் வரும்வரை பொறுக்காமல், அக்கா கோடரியின் பின்பக்கத்தால் ஒரு பெரிய ஆணியைச் சுவரில் இறக்கினார். சுவரின் மறுபக்கம், இன்று நான் இருக்கிற வீட்டில், அன்று இருந்தவர் அக்காவின் கூடப் பிறந்த தங்கை வள்ளியம்மை. பிள்ளை பெற்று வந்து பாயில் படுத்திருந்தார். அவருக்கு மேலே பலகையில் அவர்கள் அப்பாவின் படம். பூச்சு பாளம் கழன்று, பலகையைத் தட்டி, படத்தோடு கீழே வந்தது. கண்ணாடி உடைந்து பிள்ளையின் நெற்றியைக் கீறிவிட்டது.

சத்தம் கேட்டு அக்கா ஓடியிருக்கிறார். தங்கை பிள்ளையை அள்ளிக்கொண்டு வாசலில் நின்று கத்தினார்.

"கைப்புள்ள படுத்திருக்கான்னு ஒனக்குத் தெரியாதா? டிவி பாக்கத்தான் அவசரமா?"

"நான் என்ன செய்ய? செவுரு பழசு" என்றார் அக்கா.

"செவுரு பழசா? புள்ள இல்லாதவளுக்குப் புள்ளயோட அரும எங்கேருந்து தெரியும்!"

லயமே வாசலில் வந்து நின்றுவிட்டது. அவ்வளவுதான். அந்த மாதமே வள்ளியம்மையின் குடும்பம் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போய்விட்டது. உடைந்த படத்தைக் கூட எடுத்துப் போகவில்லை.

இதைச் சொல்லும்போது அக்கா அழவில்லை. அடுப்பைக் கிளறிக்கொண்டே சொன்னார். "அவ சொன்னத நான் எப்பயோ மறந்துட்டேன் சரசு. அந்த வீட்டு வாசல்ல நின்னு, அய்யோ புள்ளன்னு ஓடிப்போய்த் தூக்காம, செவுரு பழசுன்னு சொன்னேன் பாரு. அதுதான் இன்னிக்கும் நெஞ்சுல நிக்குது."

அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில்தான் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்.

நான் அவரை முதலில் பார்த்தது இப்படித்தான். கல்யாணமாகி வந்த மறுநாள். என் வீட்டுக்காரர், புதுப் பெண்டாட்டி இருட்டில் சமைக்கக் கூடாது என்று, அடுப்படிக்கு ஒரு பல்பு வயர் இழுக்கச் சுத்தியலைத் தூக்கினார். ஒரு தட்டுத்தான் தட்டியிருப்பார். தலைமுடியை அள்ளி முடிந்தபடி ஓர் அம்மா வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, சுத்தியல கீழ வை."

"ஒரே ஒரு ஆணிதான் அக்கா."

"ஒரே ஒரு ஆணி போதும். கீழ வைன்னா வை. மாப்பிள்ள முறுக்கெல்லாம் மாமியா வீட்டுல காட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பி, "சிரி சிரி. சோத்துல சுண்ணாம்பு விழுந்தா அப்ப தெரியும்" என்றார். பிறகு அவரே ஸ்டூலைப் போட்டு ஏறினார். கூரை மரம் வழியாக வயரைக் கொண்டு வந்து, பழைய சைக்கிள் டியூப்பில் வெட்டிய பட்டையால் மரத்தோடு கட்டி, கதவு நிலையின் ஓரத்தில் இறக்கினார். சுவரை வயர் தொடவே இல்லை. இறங்கியதும் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டுப் பார்ப்போமே, அப்படி.

அவருக்கு மூன்று சட்டம். எந்த வீட்டில் வயர் இழுத்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். "தவழுற புள்ள கைக்கு எட்டக்கூடாது. நடக்குற ஆளு கால்ல தட்டக்கூடாது. செவுத்துக்கு வலிக்கக்கூடாது."

மரத்தில் கட்ட முடிந்ததை மரத்தில் கட்டுவார். மரம் இல்லாத இடத்தில் மேசைக்கு அடியில், அலுமாரிக்குப் பின்னால் கொண்டு போவார். தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தலின் வயரை மட்டும் சுருட்டிக் கட்ட விடமாட்டார். சூடேறும் என்பார். எந்த வயர் எதனுடையது என்று தெரிய, நுனியில் பூக் கட்டுகிற நூலைக் கலர் கலராகச் சுற்றியிருப்பார். எங்கள் வீட்டில் டிவிக்குச் சிவப்பு, போன் சார்ஜருக்குப் பச்சை. இன்றும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று 'வயிறு'. எங்கள் தகரக் கூரை ஒழுகாத வீடு கிடையாது. ஒழுகுகிற தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே பிளக்குக்குள் இறங்கிவிடும். அதனால் மேலிருந்து வருகிற வயரை நேரே பிளக்கில் குத்தாமல், பிளக்குக்கும் கீழே கொஞ்சம் தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றிக் குத்துவார். அந்தத் தொங்கலுக்குத்தான் வயிறு என்று பேர். "வயித்துல எறங்கி அங்கேயே சொட்டிட்டுப் போகட்டும்" என்பார். பிள்ளைக் காம்பராவில் தொட்டில் பக்கத்து விளக்குக்கும் இப்படி வயிறு விட்டிருந்தார்.

லயத்தில் கேலி செய்யாதவர்கள் இல்லை. ராமாயி அக்கா, "தெய்வான வீட்டுக்குப் போனா மொதல்ல வயருக்குக் கும்புடு போட்டுட்டுத்தான் உள்ள போகணும்" என்பார். அதற்கு அக்கா, "போடு போடு. ஒம்புருசனுக்குப் போடுறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்பார். ஆனால் கேலி செய்தவர்கள்தான், புதிதாக ஒரு சாமான் வாங்கினால் முதலில் வந்து அவரைக் கூப்பிட்டார்கள்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் அவரோடு அட்டன் டவுனுக்குப் போயிருந்தேன். ஒட்டுகிற கொக்கிகள் புதிதாக வந்திருந்தன. ஆணி வேண்டாம், பின்பக்கத் தாளை உரித்துச் சுவரில் அழுத்தினால் போதும். அக்கா ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரிடம் கேட்டார்.

"நானா, இது எங்க ஊரு மழைக்கு நிக்குமா?"

கடைக்கார நானா சிரித்தார். "நிக்கும்னுதான் தங்கச்சி பெட்டியில போட்டிருக்கு."

"பெட்டியில நிக்கும். செவுத்துல?"

"செவுத்துல நின்னா எங்களுக்குச் சொல்லிட்டுப் போங்க. நாங்களும் ஒட்டுவோம்."

வாங்கி வந்து ஒட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் மழையில் கொக்கி விழுந்தது. கூடவே ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பும் உரிந்து வந்தது. அக்கா அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன். பிறகு மிச்சமிருந்த கொக்கிகளை மரத்தில் மட்டும் ஒட்டினார். மரத்தில் நன்றாகவே நின்றன. கழற்ற வேண்டி வந்தால், வெந்நீரில் பிழிந்த துணியை வைத்துச் சூடு ஏற்றி, பசையை நம் பக்கம் இழுக்காமல் மரத்தோடு மரமாகக் கீழ்ப்பக்கம் மெதுவாக இழுக்க வேண்டும் என்பதையும் அவரே கண்டுபிடித்தார்.

இவ்வளவும் எதற்கு என்று எனக்கு ஆரம்பத்தில் புரியவில்லை. அது புரிந்தது பூண்டுலோயாவில்.

அங்கே கோயில் திருவிழா. வள்ளியம்மை வீட்டார் முன்னின்று செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். தட்டில் தேங்காய், பழம், தங்கை மகனுக்கு ஒரு சட்டை. பஸ்ஸில் போகும்போது முழுக்க, முதலில் என்ன பேசுவது என்றே பேசிக்கொண்டு வந்தார். "எப்படி இருக்கேன்னு கேக்கட்டுமா? இல்ல, புள்ள எங்கேன்னு கேக்கட்டுமா?"

"புள்ள எங்கேன்னு கேளுங்க அக்கா" என்றேன்.

கோயில் வாசலில் வள்ளியம்மை எதிரே வந்தார். அக்கா தட்டை நீட்டினார். வள்ளியம்மை தட்டைப் பார்க்கவில்லை, அக்காவின் கையைப் பார்த்தார்.

"என்ன, இங்கயும் எந்தச் செவுத்துலயாவது ஆணி அடிக்க வந்தியா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குக் கதை தெரியாது, வேடிக்கை என்று நினைத்தார்கள். அக்கா தட்டைக் கோயில் படியில் வைத்துவிட்டு அம்மனைக் கும்பிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவர் இடம் கொடுத்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தார். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"அவ ஒரு நாளைக்கு வருவா சரசு. வந்து இந்தச் செவுத்தப் பாப்பா. அன்னிக்கு அப்புறம் நான் அதுல ஒரு குண்டூசி கூடக் குத்தலன்னு அவளுக்குத் தெரியும்."

அதன் பிறகு ஒவ்வொரு தைப் பொங்கலுக்கும், தன் பக்கத்துக்கு வெள்ளை அடித்த கையோடு என் பக்கத்துக்கும் வருவார். அன்று பாளம் விழுந்த இடத்தை அவரே மண் குழைத்து அப்பியிருந்தார். அந்த இடத்துக்கு முன்னால்தான் என் சாமி மேசை இருக்கிறது. விளக்கேற்றும்போது அந்தத் திட்டு கொஞ்சம் மேடாகத் தெரியும்.

உடைந்துபோன அப்பா படத்தை அக்கா வைத்திருந்தார். டவுனில் கொடுத்துக் கண்ணாடி போட்டிருந்தார். அதைச் சுவரில் மாட்டவில்லை. கூரை மரத்திலிருந்து இரண்டு நைலோன் கயிறு விட்டு, சுவருக்கு நான்கு விரல் முன்னால் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் ஒரு சின்னப் பல்பு, அதற்கும் வயிறு விட்ட வயர். காற்றடித்தால் படம் மெல்ல ஆடும். சுவரில் படாது.

போன மழைக்காலத்திலிருந்து அவருக்கு நெஞ்சுச் சளி. வேலைக்குப் போவதை நிறுத்தினார். ஸ்டூலில் ஏற முடியவில்லை. பிள்ளைக் காம்பராவில் புதிதாக வந்தவர் வயரைத் தரையில் போட்டிருக்கிறார் என்று கேட்டுப் படுக்கையிலிருந்தே சத்தம் போட்டார். கடைசியாக ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ வந்து நின்றபோது, வாசலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"நான் இல்லாத நேரத்துல யாரும் இந்தக் காம்பராவுல கை வைக்காமப் பாத்துக்க. அப்பா படம் அங்கேயே இருக்கட்டும். வள்ளி வந்தா அவகிட்ட குடு. வரலன்னா..."

"வருவாங்க அக்கா. ஏன் இப்படிப் பேசுறீங்க?"

"வரலன்னா விடு. திட்டாத அவள" என்றார். அதுதான் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை.

செய்தி வந்த அன்று காலையிலேயே பூண்டுலோயாவுக்குப் போன் எடுத்தது நான்தான். வள்ளியம்மைதான் பேசினார்.

"அக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். சொன்னாங்க."

"வர்றீங்களா?"

அங்கேயும் மழை பெய்கிற சத்தம் கேட்டது. "பாக்குறேன்" என்றார். வைத்துவிட்டார்.

ஆசுபத்திரியிலிருந்து வந்த பெட்டியை வாசலில் வைத்துக் காத்திருந்தோம். பூண்டுலோயாப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு வேனையும் பார்த்தோம். சாயங்காலம் மழை வலுத்தபோது பூசாரி ஐயா, இனியும் வைத்திருக்க முடியாது என்றார். தேயிலைக்கு நடுவே புதைகுழியில் தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது. முதல் பிடி மண் போட இரத்த உறவு யாரும் இல்லை. அக்கா 'தம்பி, தம்பி' என்று கூப்பிட்ட என் வீட்டுக்காரர் போட்டார். அன்று சுத்தியல் பிடித்த அதே கை. குளித்துவிட்டு வந்தவர் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, "நான் போட்டது சரிதானா சரசு?" என்று கேட்டார்.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். அக்காவின் காம்பரா, கருமாதி முடிந்ததும் தோட்டத்தின் மேல் டிவிசனில் கல்யாணமான ஒரு பையனுக்குக் கொடுக்கப்படும் என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஐயா சொல்லிவிட்டார். அதில் தவறில்லை. அவர்களும் ஒண்ட இடமில்லாதவர்கள். முந்தாநாள் அந்தத் தம்பி வந்து எட்டிப் பார்த்தார். நல்ல பையன். கையில் இரவல் வாங்கிய துளை போடும் மெஷின்.

"அண்ணி, டிவிய இந்தச் செவுத்துல மாட்டிக்கவா? இந்த வயரெல்லாம் எதுக்கு இப்படிச் சுத்திப் போகுது?"

"கருமாதி முடியட்டும் தம்பி. அதுவரைக்கும் அதுல கை வைக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தடுக்க எனக்கு உரிமை இல்லை. அவர் வீடு, அவர் சுவர்.

எங்கள் கோயில் சபை அச்சடிக்கிற இந்தச் சிறு இதழ் பூண்டுலோயாக் கோயிலுக்கும் போகும். கருமாதிக்கு முன்பே போய்ச் சேரும் என்று பூசாரி ஐயா சொன்னார். அதனால்தான், அதிகம் படிக்காத நான் துணிந்து எழுதுகிறேன்.

நேற்று விளக்கேற்ற அக்காவின் காம்பராவுக்குள் போனேன். மழை. கூரை ஒழுகி, வயர் வழியே இறங்கிய தண்ணீர் அந்த வயிற்றில் வந்து நின்று, ஒவ்வொரு சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. கீழே சொட்டுக்குச் சரியாக அவருடைய பித்தளைச் செம்பு. ஆசுபத்திரிக்குப் போகும் முன் அவர் வைத்தது. அது நிறைந்திருந்தது. அப்பா படம் லேசாக ஆடியது. பின்னால் சுவர் வெள்ளையாக, ஒரு வடு இல்லாமல் இருந்தது. ஒரே ஒரு ஓட்டை மட்டும், பழைய ஆணியின் ஓட்டை. அதை மட்டும் அக்கா அடைக்கவே இல்லை.

தெய்வானை அக்கா, போய் வாருங்கள். எந்தப் பிள்ளை கையும் எட்டாத உயரத்தில், அம்மன் காலடியில் இளைப்பாறுங்கள். நீங்கள் சொன்னபடி நான் யாரையும் திட்டவில்லை.

வள்ளியக்கா, கருமாதிக்கு வருகிறீர்களா, இல்லையா? நீங்களோ உங்கள் மகனோ வந்தால் போதும். வர முடியாவிட்டால் படத்தை யாரிடம் கொடுத்தனுப்ப என்பதையாவது சொல்லுங்கள். பதிலைச் சீக்கிரம் சொல்லியனுப்புங்கள்.